நான் தட்டிய ‘லாம்’

சட்டமன்ற உறுப்பினரிடம் பி.ஏ.வாக இருந்து ஓய்வுபெற்ற யாரையும் கேட்டுப்பாருங்கள். குறைந்தது ஒரு பாலத்தையாவது தான்தான் கொண்டுவந்ததாகச் சொல்வார். நானும் பத்து வருஷம் அந்த வேலை பார்த்தேன். என் கணக்கில் பாலம் இல்லை. ஒரு அரசாணை மட்டும் இருக்கிறது, அதுவும் என்னால் ஒன்றரை வருஷம் தாமதமான ஆணை.

கொச்சி மட்டாஞ்சேரித் தமிழ்ச் சங்கத்து மலருக்கு, “பணிக்காலத்தில் நீங்கள் பெருமைப்படும் ஒரு நிகழ்ச்சியை எழுதித் தாருங்கள்” என்று கேட்டார்கள். மூன்று நாள் யோசித்தேன். பெருமைப்படும்படி ஒன்றும் அகப்படவில்லை. வெட்கப்படும்படி நிறைய இருந்தது. அதில் பெரியதாகப் பார்த்து எழுதுகிறேன்.

என் பெயர் வேலாயுதம். அப்பா நகரசபையில் துப்புரவுத் தொழிலாளி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே வாத்தியார் என்னை மலையாள வழக்கில் வேலாயுதன் ஆக்கிவிட்டார். வீட்டில் ‘ம்’, வெளியே ‘ன்’. அந்த ‘ன்’னுக்குத் தகுதியாக இருக்கவேண்டும் என்று சின்ன வயதிலேயே எனக்கு ஒரு வெறி. மலையாளிப் பையன்களைவிட நல்ல மலையாளம் எழுதினேன். பள்ளுருத்தியில் மலையாளத் தட்டச்சு படித்தேன். அங்கேயே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்தது. யாருடைய கடிதத்தில் பிழை கண்டாலும் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். சங்கத்தில் யாருக்கும் என்னைப் பிடிக்காததற்கு என் திறமையின்மேல் உள்ள பொறாமைதான் காரணம் என்று அப்போது நம்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் லீலாம்மா ஜெயித்தார். பி.ஏ.வாக நல்ல மலையாளம் எழுதுகிற ஆள் வேண்டும் என்று அவர் கேட்க, சங்கத்துச் செயலாளர் என் பெயரைச் சொன்னார். என்னை அனுப்பிவைப்பதில் அவருக்கு இருந்த உற்சாகத்தின் காரணம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

லீலாம்மா பன்னிரண்டு வயதில் செம்மீன், அதாவது இறால், உரிக்கப் போனவர். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. கொச்சியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற செம்மீனின் ஓட்டை யாரோ ஒரு பெண்தான் கையால் உரித்திருப்பாள். அதற்கென்றே ஷெட்டுகள் இருந்தன. காலடியில் ஈரம், கைக்குக் கீழே ஐஸ். ஒரு பேசின் உரித்தால் இவ்வளவு என்று கூலி. அங்கேயே தொழிற்சங்கம் கட்டி, நகரசபைக்குப் போய், பிறகு சட்டமன்றத்துக்குப் போனார். கூட உரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் பெண்கள் என்பதால் தமிழும் பேசுவார். என்னிடம் பேசியது பாதி மலையாளம், பாதி ஷெட்டுத் தமிழ்.

முதல் நாள் என்னை நிற்கவைத்துக் கேட்டார்.

“டைப் அறியுமோ?”

“தெரியும், சேச்சி. நிமிஷத்துக்கு…”

“ஸ்பீடு கிடக்கட்டும். ஒருத்தி வந்து கரையறா. அவளுக்கு எப்போ சாயா கொடுப்பே?”

கரைவது என்றால் அழுவது. நான் யோசித்து, “உடனே கொடுப்பேன், சேச்சி” என்றேன்.

“தெற்று, தப்பு. கரைஞ்சு முடிச்சப்புறம் கொடு. முன்னாலே கொடுத்தா சாயா ஆறிப்போகும், அவளும் பாதியிலே நிறுத்திடுவா.”

என் பயிற்சி அவ்வளவுதான். மறுநாளே வேலை தொடங்கியது.

படகுத்துறைக்குப் போகும் வழியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம். காலை எட்டு மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். வந்தவர் சொல்லச் சொல்ல நான் மனு எழுதவேண்டும். எழுதியதை அவருக்கே உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். “நான் சொன்னது இதுதான்” என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் லீலாம்மா கையெழுத்துப் போடுவார். ஒரு கடிதம் யாருக்காக எழுதப்படுகிறதோ அவர் காதில் விழாமல் அது வெளியே போகக்கூடாது என்பது லீலாம்மாவின் சட்டம். நான் அழகாக எழுதிய எத்தனையோ வாக்கியங்களை மீன்காரிகளும் சுமைதூக்குகிறவர்களும் “இது நான் சொல்லலையே” என்று அடித்துப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே குமுறுவேன். மொழியறிவற்ற ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு வருகிற தாள்களையும் நான்தான் படித்துக்காட்ட வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. “கண்ணாலே பாத்தா வரி ஓடிப்போகும். காதிலே விழுந்தா நிக்கும்” என்பார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டார் என்று நான் ஒரு பத்தியைத் தாண்டினால், கண்ணைத் திறக்காமலே, “வேலாயுதா, தாண்டாதே” என்பார்.

காசு விஷயத்திலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். தேர்தலுக்கு யார் எது கொடுத்தாலும் ரசீது கிழிக்கவேண்டும். ரசீது வாங்க மறுப்பவர் காசு நமக்கு வேண்டாம். முதல் தேர்தலை அப்படித்தான் நடத்தினார்களாம். இரண்டாவது தேர்தல் வந்தபோது ஐந்து வருஷ அனுபவசாலியான நான் அருகில் இருந்தேன். ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அரசியல் பண்ண முடியுமா என்று தோன்றியது. சேச்சிக்குத் தெரியாமல் சேச்சிக்கு நல்லது செய்வதுதான் ஒரு பி.ஏ.வின் உச்சகட்டத் திறமை என்று எனக்குள் ஒரு எண்ணம்.

பிரச்சாரத்துக்கு நடுவில் அச்சகத்துக்காரர் கையை விரித்தார். பழைய பாக்கியைத் தீர்க்காமல் புதுச் சுவரொட்டிகளைத் தரமாட்டேன் என்றார். எதிர்த்தரப்பு ஆளின் முகம் ஊரெல்லாம் சிரிக்கிறது, எங்கள் சேச்சியின் முகம் அச்சகத்தில் கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடக்கிறது. அந்தச் சமயத்தில் குரியாச்சன் முதலாளியிடமிருந்து தொலைபேசி வந்தது. செம்மீன் ஏற்றுமதி செய்கிறவர். பள்ளுருத்தியில் அவருக்குப் பெரிய ஷெட் ஒன்று இருந்தது.

“வேலாயுதன் சாரே, பிரஸ்காரனோட நான் பேசிக்கலாம். ரசீது ஒண்ணும் வேண்டா. நம்ம தம்மில் உள்ள சினேகம்.”

அன்று மாலையே சுவரொட்டிகள் வந்துவிட்டன. எப்படி வந்தன என்று சேச்சி கேட்டார். அச்சகத்தில் கடன் சொல்லி வாங்கினேன் என்றேன். “மிடுக்கன்” என்றார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை ஒரு வாரம் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தேன்.

சேச்சி ஜெயித்தார். ஜெயித்த கையோடு, “இனி நம்ம ஷெட்டு காரியம்” என்றார்.

ஷெட்டு காரியம் என்பது கழிப்பறை. உரிக்கும் ஷெட்டுகள் பலவற்றில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதிகாலையில் வருகிற பெண் சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் போக இடமில்லை. நீர்க்கடுப்பு இல்லாத ஒருத்தியை அங்கே பார்ப்பது கஷ்டம். சேச்சிக்கே அந்த வியாதி கடைசிவரை விடவில்லை. கழிப்பறை, குடிதண்ணீர், உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், இந்த மூன்றையும் ஷெட் உரிமையாளர்கள் ஏற்படுத்த வேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவருவது என்று முடிவானது. அமைச்சராக இல்லாத உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். அதற்கென்று வெள்ளிக்கிழமை ஒதுக்கியிருப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருடையது முன்னால் விழுகிறதோ அவருக்கு முறை. அப்படி வந்த மசோதா சட்டமானதாகப் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அரசாங்கத்தைப் பதில் சொல்லவைக்க அது ஒரு வழி.

வரைவை எழுதியது நான்தான். பழைய சட்டங்களைத் தேடிப்பிடித்து, நடையைப் பழகி, நான்கு முறை திருத்தினேன். முடித்தபோது என் மலையாளத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. இவ்வளவு நல்ல வரைவை யாருக்காவது காட்ட வேண்டாமா? தேவராவில் குரியாச்சன் முதலாளி வீட்டுக்கு ஒரு வேலையாகப் போனபோது நானாகவே எடுத்துக் காட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கோழி தானாகப் போய் நரியிடம் தன் இறகைக் காட்டியது.

கரிமீன் பொரித்து வைத்துச் சாப்பிடச் சொன்னார். வரைவை நிதானமாகப் படித்தார்.

“இந்தப் பாஷை மலையாளிக்கே வராது, சாரே.”

நான் பணிவாகத் தலையைக் குனிந்தேன்.

“ஒரு வாக்கு மாத்திரம் கொஞ்சம் கடுப்பம். ‘ஏர்ப்பெடுத்தேண்டதாணு’ன்னு போட்டிருக்கு. ‘ஏர்ப்பெடுத்தாவுந்நதாணு’ன்னு ஆக்கினா ஆரும் எதிர்க்காது. சபையிலே எல்லாரும் ஒத்துக்கும். சேச்சிக்கும் பேரு.”

தமிழில் சொன்னால், முதலாவது ‘ஏற்படுத்த வேண்டும்’. இரண்டாவது ‘ஏற்படுத்தலாம்’.

நான் தயங்கினேன். அவர் என் தட்டில் இன்னொரு மீனை வைத்தார்.

“அந்தப் போஸ்டர் காரியம் சேச்சிக்கு அறியாமோ? வேண்டா, வேண்டா. நான் ஆரிடமும் பறயமாட்டேன்.”

இதை மிரட்டல் என்று சொல்லமுடியாது. அவ்வளவு அன்பாகச் சொன்னார். திரும்பிவரும்போது பேருந்தில் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டே வந்தேன். கடுமையாக எழுதினால் தோற்கும், மென்மையாக எழுதினால் ஜெயிக்கும், உள்ளே நுழைந்த பிறகு இறுக்கிக்கொள்ளலாம், இதுதான் ராஜதந்திரம். தோப்பும்படி நிறுத்தம் வருவதற்குள் நான் ஒரு ராஜதந்திரி ஆகியிருந்தேன். மட்டாஞ்சேரியில் இறங்கும்போது பயந்தாங்கொள்ளி என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தைப் புதிதாகத் தட்டினேன்.

மறுநாள் சேச்சி கண்ணை மூடிக்கொண்டு, “வாயிச்சோ” என்றார்.

படித்தேன். அந்த இடம் வந்தது. தாளில் ‘லாம்’ இருந்தது. என் வாய் ‘வேண்டும்’ என்று படித்தது.

“நல்லா இருக்கு. ‘வேணம்’ங்கிற இடத்திலே குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்து” என்றார். திரும்பப் படிக்கச் சொன்னார். உயர்த்திப் படித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

சீட்டு எங்களுக்குச் சாதகமாக விழுந்தது. சட்டமன்றத்தில் சேச்சி பேசியதைப் பார்வையாளர் மாடத்திலிருந்து கேட்டேன். தாளைப் பார்க்கவே இல்லை. “தண்ணீர் குடிக்கப் பயந்து பத்து வருஷம் வேலை செய்தவள் நான்” என்று ஆரம்பித்தார். எதிர்வரிசையில் பேச்சுச் சத்தம் அடங்கியது. அமைச்சர் எழுந்து, மசோதாவின் நோக்கத்தை அரசு ஏற்கிறது, ஆணையாகவே வெளியிடுகிறோம், உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெறவேண்டும் என்றார். சேச்சி திரும்பப் பெற்றார். சில மாதங்களில் ஆணை வந்தது. துறையில் யாரும் புதிதாக ஒரு வரிகூட யோசிக்கவில்லை. எங்கள் வரைவை அப்படியே பெயர்த்து வைத்திருந்தார்கள். நான் எழுதிய வாக்கியம் ஒன்று முதல்முறையாக அரசாங்கத்தின் வாக்கியமாகியிருந்தது. கடைசிச் சொல் உட்பட.

சேச்சி ஷெட் ஷெட்டாகப் போய் லட்டு கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன். விக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் பேச்சியம்மா வந்தாள். குரியாச்சன் முதலாளியின் ஷெட்டில் உரிக்கிறவள், தொழிற்சங்கத்தில் அங்கே அவள்தான் முன்னால் நிற்பாள். கையில் ஆணையின் ஜெராக்ஸ்.

“சேச்சி, மேனேஜரு இதுக்குக் கண்ணாடி போட்டுச் சொவத்துல மாட்டிட்டாரு. கக்கூஸ் எப்பக் கட்டுவீங்கன்னு கேட்டா, ‘நல்லா வாசிச்சுப் பாரு, கட்டலாம்னுதான் போட்டிருக்கு, கட்டணும்னு எங்க இருக்கு’ங்காரு. எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. எம் மவளை விட்டு வாசிக்கச் சொன்னேன். அவளும் லாம்னுதான் சொல்லுதா.”

சேச்சி என்னைப் பார்த்தார். “செக்ரட்டேரியட்டிலே மாத்திட்டானோ? வேலாயுதா, நம்ம காப்பியை எடு.”

மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எவ்வளவு வசதியான பதில்! அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் அலமாரியில் இருக்கிற காப்பியில் அவர் கையெழுத்தும் இருக்கிறது, ‘லாம்’மும் இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நான்கு மாதத்தில் அதுகூடத் தோன்றாத ராஜதந்திரி நான்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் கைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வரியின் கீழே விரலை வைத்துப் படித்தார். அவர் ஒரு தாளைத் தானே படித்து நான் பார்த்தது அன்றுதான்.

“நீ எனக்கு இப்படியா வாயிச்சே?”

“இல்லை, சேச்சி.”

“எப்படி வாயிச்சே?”

“வேண்டும்னு.”

“குரலை உயர்த்திக்கூட வாயிச்சே.”

“ஆமா.”

பேச்சியம்மாவின் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரொட்டி, கரிமீன், பேருந்தில் யோசித்தது, ஒன்றையும் விடவில்லை. சேச்சி என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று தயாராக இருந்தவனுக்கு அது பெரிய கஷ்டம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போஸ்டரிலே என் முகம் நல்லா இருந்தது. கடன் எப்படிக் கிடைச்சதுன்னு நான் ரெண்டாவது தடவை கேக்கலை. அது என் தெற்று. அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுப்பேன்.” பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். “உன் தெற்றை நீ போய்ச் சொல்லு. நாளைக்கு உச்சைக்கு, ஷெட்டிலே.”

“ராஜினாமா கொடுத்துடறேன், சேச்சி.”

“அது எளுப்பம். முதல்லே இதைச் செய்.” எளுப்பம் என்றால் சுலபம்.

மறுநாள் மதியம் பள்ளுருத்தி ஷெட்டுக்குப் போனேன். கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டிகளின்மேல் உட்கார்ந்து நாற்பது பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். நடந்ததைத் தமிழில் சொன்னேன், பிறகு மலையாளத்தில் சொன்னேன். இரண்டு மொழியிலும் கேவலமாகத்தான் இருந்தது. யாரும் கத்தவில்லை. பேச்சியம்மாதான் கேட்டாள்.

“ரெண்டு எழுத்துக்காண்ணே? ரெண்டு எழுத்தை நீங்க மாத்தினதுக்கா நாங்க நாலு மாசமா அவன்கிட்டக் கெஞ்சிக்கிட்டு இருந்தோம்?”

இரண்டு தடவை பேசியதில் தொண்டை வறண்டு இருமல் வந்தது. ஓரத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள், தன் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்த தண்ணீரை நீட்டினாள். காலையிலிருந்து ஒரு மடக்குக்கூட அதில் குறையவில்லை.

“குடிங்க. உங்களுக்கு என்ன, ஆம்பிளை. ஊரெல்லாம் சொவரு இருக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். நான் குடித்தேன். 

ஆணையைத் திருத்தும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. திங்கட்கிழமைதோறும் விடியற்கால ரயிலில் திருவனந்தபுரம் போவேன். அந்தக் கோப்பு இருந்த பிரிவின் அதிகாரி திருப்பூணித்துறைக்காரர். சந்தனப் பொட்டு, வெற்றிலைப் பெட்டி, வாயைத் திறந்தால் சமஸ்கிருதம் கலந்த சுத்த மலையாளம். அவர் கோப்பைத் தொடும் விதமே தனி. நாடாவை அவிழ்த்து, மடித்து, பேப்பர்வெயிட்டின் கீழ் வைத்து, பக்க எண்களைச் சரிபார்த்து, பிறகுதான் படிக்கத் தொடங்குவார். ‘லாம்’மை ‘வேண்டும்’ ஆக்குவது கொள்கை மாற்றம் என்றார். கொள்கை மாற்றம் என்றால் தொழில்துறை, மீன்வளத்துறை, நிதித்துறை, சட்டத்துறை என்று எல்லா இடத்துக்கும் போய்த் திரும்ப வேண்டும். போனது. ஒவ்வொரு துறையிலும் யாரோ ஓர் ஏற்றுமதியாளரின் நண்பர் இருந்தார். ஒரு வருஷம் ஓடிவிட்டது. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை அந்த அதிகாரி என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்.

“இது எழுத்துப் பிழைன்னு ஆனா, கொள்கை மாற்றம் இல்லை. பிழைதிருத்தம் ஒண்ணு போட்டா முடிஞ்சது. ஆனா பிழை செய்தவன் அதை எழுதித் தரணும்.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “நிங்கள் தமிழனல்லே?”

“ஆமா, சார்.”

“அப்போ எளுப்பம். மலையாளத்திலே போதிய அறிவு இல்லாததினாலே ரெண்டு வினைச்சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாம டைப் செய்துபோயின்னு எழுதிக் கொடு. ஆரும் சந்தேகிக்காது.”

ஆரும் சந்தேகிக்காது! முப்பது வருஷம் ‘ன்’ போட்டுக்கொண்டு திரிந்தது எதற்காக? லஞ்சம் வாங்கினேன் என்று எழுதச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்று ரயிலில் கொல்லம்வரை அந்த மனிதரைத் திட்டினேன். காயங்குளத்துக்கு மேலே தண்ணீர்ச் சட்டியை நீட்டிய அம்மாள் ஞாபகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எர்ணாகுளம்வரை இறங்கவில்லை.

மறுநாள் எழுதினேன். சேச்சியிடம் கொடுத்தேன். அந்த நாளுக்குப் பிறகு அவர் தாள்களைத் தானே படிக்க ஆரம்பித்திருந்தார். விரலை வைத்து, முணுமுணுத்து, முடிவுவரை படித்தார். நான் பொய் எழுதியிருப்பதாகக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். உள்ளூர ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். கண்டித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

“இது ஒக்காது, வேலாயுதா.”

“பொய்தான், சேச்சி. எனக்கும் மனசில்லை.”

“அதில்லை. இந்த மலையாளம் ரொம்ப நல்லா இருக்கு. மலையாளம் அறியாதவன் எழுதினதுன்னு ஆரும் நம்பமாட்டாங்க.” பேனாவை என் கையில் கொடுத்தார். “நாலஞ்சு தெற்று போடு.”

போட்டேன். நெடிலைக் குறிலாக்கினேன். ஒற்றை விழுங்கினேன். ஒரு வினையின் முடிவில் தமிழ் விகுதியை ஒட்டினேன். என் வாழ்க்கையில் ஒரு தாளில் நான் அத்தனை சிரமப்பட்டு உழைத்ததில்லை. சேச்சி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இங்கே இன்னும் ஒண்ணு” என்று விரலால் காட்டினார். அவர் காட்டிய இடம் மிகச் சரியான இடம். ஏழாம் வகுப்புப் படித்தவருக்கு எந்தப் பிழை எங்கே உறுத்தும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த மாடியில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பிழைதிருத்தம் ஆறு வாரத்தில் வந்துவிட்டது. ‘ஏற்படுத்தலாம் என்பதை ஏற்படுத்த வேண்டும் என்று திருத்திப் படிக்கவும்.’ ஒரே வரி.

குரியாச்சன் முதலாளிக்குச் சேச்சி அச்சகத்துச் செலவைக் காசோலையாக அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை அவரே கையால் எழுதினார். என்னிடம் காட்டவில்லை. அதில் எத்தனை பிழை இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்க்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆணை வந்ததும் கட்டிடம் எழும்பிவிடவில்லை. பரிசோதனைக்கு வந்த அதிகாரியிடம் இடமில்லை என்றார்கள், குழி தோண்டினால் உப்புத்தண்ணீர் ஊறுகிறது என்றார்கள். சிறிய ஷெட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். குரியாச்சன் முதலாளி கட்டவில்லை. அடுத்த தேர்தல்வரை இழுத்தார். அந்தத் தேர்தலில் அவரும் அவருடைய நண்பர்களும் எதிர்த்தரப்பு வேட்பாளருக்கு ஜீப்பும் மைக்கும் பந்தலும் கொடுத்தார்கள். சேச்சியின் சுவரொட்டிகள் ரசீதுக்குத் தகுந்த அளவில்தான் இருந்தன. தோற்றுவிட்டார். வாக்கு எண்ணிய அன்று சாயங்காலம் வழக்கம்போல அலுவலகத்துக்கு வந்து, பெஞ்சில் மிச்சமிருந்த இரண்டு பேருக்கு என்னைக் கொண்டு மனு எழுதவைத்தார். “நாளைக்கு முதல் என் கையெழுத்துக்கு விலை இல்லை. இன்னைக்குத் தேதி போடு” என்றார்.

நான் கூட்டுறவுச் சங்கத்துக்குத் திரும்பினேன். எனக்கு முன்னால் என் கடிதத்தின் நகல் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மலையாளம் அறியாதவனைத் தட்டச்சில் வைக்கமுடியாது என்று உரக் கிடங்குக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான். நான் சிவப்பு வட்டம் போட்ட பழைய குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராகக் கிடங்குக்கு வந்து, மூட்டையின்மேல் எழுதியிருப்பதைக் காட்டி, “வேலாயுதேட்டா, இது என்ன எழுத்து, வாயிக்க அறியுமோ?” என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். யூரியா என்று படித்துச் சொன்னேன்.

தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து, நோட்டீசுக்குமேல் நோட்டீசு வந்து, வேறு வழியில்லாமல் குரியாச்சன் முதலாளியும் கட்டினார். கட்டியதோடு நிற்காமல் திறப்பு விழாவும் வைத்தார். நான்கு கழிப்பறைகள், வாசலில் அவருடைய அம்மாவின் பெயர் பொறித்த கல், ஷாமியானா, மேடை. புதிய சட்டமன்ற உறுப்பினர்தான் ரிப்பன் வெட்டினார். பேச்சியம்மா கூப்பிட்டதால் நான் போனேன். சேச்சிக்கு அழைப்பு இல்லை. அவரும் பேச்சியம்மா சொல்லித்தான் வந்து, கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பெண்களைக் காலை ஏழு மணிக்கே குளிக்கச் சொல்லி, நல்ல சேலை கட்டச் சொல்லி வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். விழா பத்தரைக்குத் தொடங்கியது. குரியாச்சன் முதலாளி தொழிலாளிகளின்மேல் தனக்குள்ள அன்பைப்பற்றி அரை மணி நேரம் பேசினார். அடுத்து புதிய உறுப்பினர் எழுந்தார். பெண்களின் கண்ணியம் என்று தொடங்கியபோது, முன்வரிசையில் தண்ணீர்ச் சட்டிக்கார அம்மாள் எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, மேடைக்குப் பக்கவாட்டில் நடந்து, திறந்து வைத்த கட்டிடத்துக்குள் போனாள். பேச்சியம்மா பின்னால் போனாள். பிறகு இரண்டு பேர், நான்கு பேர். ஐந்து நிமிஷத்தில் ஷாமியானா காலியாகி, கழிப்பறைக்கு முன்னால் நீளமான வரிசை நின்றது. மைக்கில் பேச்சு நிற்கவில்லை.

சேச்சியும் எழுந்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றவர், என்னைத் தேடிக் கூப்பிட்டார்.

“வேலாயுதா, இதை ஒண்ணு பிடி.”

அவருடைய கைப்பை. வாங்கிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்பது ஐம்பது காலி நாற்காலிகளுக்கு நடுவில் நான் ஒருவன்தான் மிச்சம். புதிய உறுப்பினர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, “பிரியப்பட்ட சகோதரிமாரே” என்றார். பத்து வருஷத்தில் எத்தனையோ பேச்சுகளை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு முழுப் பேச்சு எனக்காக மட்டும் பேசப்பட்டது அன்றுதான். மரியாதை கருதி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டுவிட்டுக் கைதட்டினேன்.